உறைமோரும் பேஸ் கிட்டாரும்

இரவு படுக்கப் போகும்முன் என் அக்கா செய்யும் கடைசி வேலை, பாலுக்கு உறை ஊற்றுவது. கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் பால், அதில் ஒரு சின்னக் கரண்டி மோர், இரண்டு கலக்கு, மேலே ஒரு தட்டு. விடிந்தால் பாத்திரம் நிறையத் தயிர். அந்த ஒரு கரண்டி மோர்தான் அரை லிட்டராகப் பெருகிவிட்டதா? இல்லை. பால் முன்பே அங்கே இருந்தது. மோர் தன் குணத்தை அதற்குக் கொடுத்தது, அவ்வளவுதான். உறை புளித்ததாக இருந்தால் பாத்திரம் முழுக்கப் புளிக்கும். பால் கால் லிட்டர்தான் என்றால், எவ்வளவு நல்ல உறை ஊற்றினாலும் கிடைப்பது கால் லிட்டர் தயிர்.

ஆம்ப்ளிஃபயரும் இப்படித்தான் இயங்குகிறது. கிட்டாரிலிருந்து வரும் சின்னஞ்சிறு சிக்னல் எங்கும் வீங்கிப் பெரிதாவதில்லை. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் மின்சாரம் முழுவதும் சுவர் பிளக்கிலிருந்து வந்தது; கிட்டார் கம்பியின் அசைவை அச்சாக எடுத்துக்கொண்டு அது அசைகிறது. பிளக் மின்சாரம் பால், சிக்னல் உறை. வீட்டிலேயே பேஸ் ஆம்ப் கட்ட நினைக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரும்பாலானவர்கள் உறையைப் பற்றியே யோசிக்கிறார்கள்: எந்த ஐசி, எந்த ப்ரீஆம்ப், எந்த எஃபெக்ட். பாலும் பாத்திரமும் பின்னால்தான் நினைவுக்கு வருகின்றன. பேஸ் கிட்டாரைப் பொறுத்தவரை பாதிக்கு மேல் காரியம் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

பெரம்பூரில் அக்கா வீட்டு ஹாலில் இந்த வேலை நடந்தது. அவள் மகன் சர்ச் கொயரில் பேஸ் வாசிக்கிறான். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளை ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவன். கிட்டாரை ஒரு பழைய கீபோர்டு ஸ்பீக்கரில் செருகி வாசித்துக்கொண்டிருந்தான். “மாமா, சத்தம் வருது. ஆனா வயித்துல வந்து உக்கார மாட்டேங்குது” என்றான்.

அவன் சொன்னது மிகச் சரி. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியை வெறுமனே மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. அடுத்த ஏ கம்பி 55, டி 73, ஜி 98. சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பியே 82-ல்தான் தொடங்குகிறது. அந்த எட்டு அங்குல கீபோர்டு ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் எட்டாத ஆழம். அவன் காதில் விழுந்தது 82, 123 என்று மேலே மேலே வரும் கிளை அதிர்வுகள். கிளைகளை வைத்து வேர் எங்கே என்று மூளை ஊகித்துக்கொள்ளும். செல்போனில் பாட்டுக் கேட்டாலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று புரிவது இதனால்தான். புரியும், உடம்பில் உறைக்காது.

பேஸ் கிட்டார் பிறந்த நாளிலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கென்றே அடுத்த ஆண்டு 15 அங்குல ஸ்பீக்கரோடு பேஸ்மேன் என்ற ஆம்பையும் செய்ய வேண்டி வந்தது. 1969-ல் ஆம்பெக் நிறுவனத்தின் 300 வாட் எஸ்விடி வந்தபோது, ஒரு பெட்டிக்குள் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு இருந்தன. காற்றை அள்ளித் தள்ள அத்தனை பரப்பு தேவைப்பட்டது.

நாங்கள் கட்டியது அவ்வளவு பெரிதல்ல. 50 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பிளைவுட் பெட்டி ஒன்று. கொயருக்கு அது தாராளம்.

ருசி பார்க்க ஒரு துளி

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அதற்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சாதாரணமாக வாசித்தால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஓங்கி அடித்தால் இன்னும் சில மடங்கு. அழுத்தம் குறைவு என்பதோடு, அதற்குப் பின்னால் திராணியும் இல்லை. சின்னக் கிண்ணத்தில் நாலு கரண்டி ரசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசி பார்க்கிறேன் என்று ஒரு பெரிய கரண்டி நிறைய மொண்டால், பார்த்த ருசி சரியாக இருக்கலாம், கிண்ணத்தில் ரசம் இருக்காது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்க வேண்டும்.

கீபோர்டு ஸ்பீக்கரில் சிக்னல் நுழையும் உள்வாயில் (இன்புட்) கரண்டி நிறைய மொள்ளும் ரகம். கீபோர்டுக்கு அது பிரச்சினையில்லை, அதனிடம் குண்டான் நிறைய இருக்கிறது. கிட்டாருக்கு உள்வாயிலின் தடை 1 மெகா ஓம் அளவுக்கு இருந்தால்தான் ஒரு சொட்டோடு நிற்கும். டிஎல்072 என்ற எட்டுக்கால் ஐசி இதற்குப் போதும். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கிற, விலை மலிவான சரக்கு. ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அந்த ஐசியின் ஒரு பாதி: ருசி பார்க்கும் நாக்கு தயார். அடுத்த பாதி சிக்னலைப் பத்து மடங்குக்கு ஏற்றிக் கொடுக்கும்.

இதையடுத்து பேஸ், ட்ரெபிள் குமிழ்கள். பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952-ல் ஒயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட சர்க்யூட்தான் இன்றைக்கும் பல ஆம்ப்களில் இருக்கிறது. அதற்கு முன் பரவலாக இருந்தவை சல்லடை போல: எடுக்க மட்டுமே தெரியும். இவருடையது உப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும், நடுவில் வைத்தால் எதையும் தொடாது. இங்கே ஒரு எச்சரிக்கை. பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தச் சுரங்களுக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். 50 வாட் ஆம்பில் 13 வாட்டில் வாசித்துக்கொண்டிருப்பவர் அந்தக் குமிழை ஏற்றியதும் ஆம்ப் எல்லையைத் தொட்டுவிடும். பேஸ் போதவில்லை என்றால் குமிழைத் திருகுவது கடைசி மருந்தாக இருக்கட்டும். முதல் மருந்து பெட்டியில் இருக்கிறது; அங்கே வருகிறேன்.

பவர் ஆம்புக்கு எல்எம்3886 என்ற ஐசியைத் தேர்ந்தெடுத்தேன். டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாக அடுக்கிக் கட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆம்ப் முதல் நாளே பாட வேண்டும். கட்டுகிற பையனுக்கு நம்பிக்கை வர வேண்டும். இந்த ஐசிக்கு வெளியே பத்துப் பதினைந்து உதிரிகள் போதும். போலி ஐசிகள் உலவுகின்றன. அதனால் நாலு காசு கூட ஆனாலும் தெரிந்த கடையில் வாங்க வேண்டும்.

அந்த உதிரிகளில் இரண்டு ரெசிஸ்டர்கள்தான் ஆம்பின் மனசாட்சி. ஒன்று 20 கிலோ ஓம், மற்றது 1 கிலோ ஓம். கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் என்ன செய்கிறார்? வீட்டில் செய்துகாட்டிய சாம்பார் மாதிரி ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. அண்டாவிலிருந்து கொஞ்சம் எடுத்து இதோடு ஒப்பிடுகிறார். காரம் கூடினால் தணிக்கிறார், புளி குறைந்தால் சேர்க்கிறார். அண்டா இறங்கும்வரை இந்த ஒப்பீடு நிற்பதில்லை. ஆம்பும் வெளியே அனுப்புவதில் 21-ல் ஒரு பங்கை அந்த இரண்டு ரெசிஸ்டர் வழியாகத் திரும்ப எடுத்து, உள்ளே வந்த சிக்னலோடு ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொள்கிறது. 21-ல் ஒரு பங்கு மாதிரியோடு பொருந்த வேண்டுமானால், வெளியே போவது மாதிரியைப் போல 21 மடங்காக இருந்தாக வேண்டும், அதே ருசியில். ஹரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளருக்கு இந்த யோசனை 1927 ஆகஸ்டில், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கில் வேலைக்குப் போகும் வழியில் வந்தது. கையிலிருந்த செய்தித்தாள் பக்கத்திலேயே வரைந்து வைத்துக்கொண்டார். சந்தைக்கு வரும் அநேகமாக எல்லா ஆம்ப்களும் அந்தப் பக்கத்துக்குக் கடன்பட்டவை.

குழாயில் தண்ணீர் வரும் நேரம்

பால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுவரில் 230 வோல்ட், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் அதை 24-0-24 என்று இறக்குகிறது. நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ், ஆட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகிறது. ஆனால் அது சீராக வருவதில்லை. நொடிக்கு நூறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு பீய்ச்சல். தெருக்குழாயில் குபுக் குபுக்கென்று தண்ணீர் வருவது போலத்தான். அதை அப்படியே சமையலுக்கு எடுக்க முடியாது. அண்டாவில் பிடித்து வைத்து, அதன் அடியில் உள்ள குழாயைத் திறந்தால் ஒழுங்காக வரும். அந்த அண்டாதான் கெபாசிட்டர். பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று, ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். நிரம்பினால் பிளஸ் 33, மைனஸ் 33 வோல்ட் அளவில் நிற்கும்.

பேஸுக்கு ஏன் பெரிய அண்டா? ஈ கம்பியின் ஒரு முழு அலை 24 மில்லிசெகண்ட். அதில் பாதி, 12 மில்லிசெகண்ட், பிளஸ் அண்டாவிலிருந்தே ஓயாமல் மொண்டுகொண்டிருக்கும். மறுபாதி மைனஸ் அண்டாவிலிருந்து. குழாய் வருவதோ 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. மேல் ஸ்தாயியில் பாடும் வயலினுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அது டம்ளர் டம்ளராக, வேகமாக எடுக்கும். பேஸ் குடம் குடமாக எடுக்கும். அண்டா சின்னதாக இருந்தால் ஓங்கி அடித்த சுரம் நடுவிலேயே தொய்யும்.

அடுப்பை அணைத்துவிட்டோம் என்பதற்காகக் குக்கரை உடனே திறக்க மாட்டோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கெபாசிட்டர்களில் அழுத்தம் இருக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் போட்டு வைத்தால் தானாக வடியும். வடிந்துவிட்டதா என்று மீட்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். ரேடியோ மெக்கானிக்குகள் சீரீஸ் பல்பு என்று சொல்வது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து நிற்கும், ஐசி பிழைக்கும். ஒருமுறை மின்னி மங்கினால் எல்லாம் நலம். உலோகப் பெட்டிக்கு மூன்றாவது பின்னின் எர்த் கட்டாயம். சிறுவர்கள் கையில் உலோகக் கம்பி கட்டிய வாத்தியம் இருக்கிறது. இதில் சமரசமே கிடையாது.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்பில் 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும்போது ஐசி மோசமான நிலையில் சுமார் 28 வாட்டைச் சூடாக உமிழும். ஒரு சால்டரிங் அயர்ன் உள்ளே எந்நேரமும் எரிவது போல. சூடான உப்புமாவை அகலத் தட்டில் பரப்புகிற மாதிரி, பல்லுப்பல்லான அலுமினிய ஹீட்சிங்க்கில் அதைப் பரப்ப வேண்டும். இடையில் பூசும் வெள்ளைப் பசை, தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாக இருந்தால்தான் பயன். அப்பினால் அதுவே போர்வை ஆகிவிடும். பின்னொரு நாள் சத்தம் கூடட்டும் என்று இன்னொரு 8 ஓம் பெட்டியையும் இணையாகச் சேர்த்தோம். தடை 4 ஓமாக இறங்கியது, சூடு இரண்டு மடங்கானது, ஒவ்வொரு ஓங்கலுக்கும் ஐசியின் தற்காப்பு குறுக்கிட்டுப் படபடவென்று வெடித்தது. ஒரே அண்டாவில் இரண்டு குழாயையும் முழுசாகத் திறந்த கதை. இரண்டு பெட்டி வேண்டுமென்றால் 20-0-20 டிரான்ஸ்ஃபார்மரோடு தொடங்கியிருக்க வேண்டும்.

இனி, எங்களை மூன்று நாள் அலைக்கழித்த ‘ம்ம்ம்’. ஆம்ப் பாடியது, ஆனால் பின்னால் ஒரு ரீங்காரம் விடாமல் நின்றது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49. டயோடுகளைத் தாண்டி வரும் ரீங்காரம் 100. வெறும் ஜி கம்பி 98. அதாவது இரண்டு ரீங்காரமும் கிட்டாரின் இரண்டு ஜி-க்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகின்றன. பாட்டு ஜி-யில் நிற்கும்போதெல்லாம் சுருதி பிசகியது போல ஒரு அலை அடிக்கும். வேறு வாத்தியத்தில் லேசாக விட்டுவிடலாம், பேஸில் விட முடியாது.

மருமகனின் காதே எங்களுக்கு மீட்டர் ஆனது. ஜி கம்பியை வெறுமனே மீட்டிவிட்டு, “இதுக்குப் பக்கத்துலதான் மாமா கேக்குது, கீழ இருக்கற ஜி இல்ல” என்றான். அப்படியானால் 100. கிட்டார் ஒயரோ பிக்கப்போ காரணம் இல்லை. உள்ளே பவர் சப்ளையிலிருந்து வருகிறது. திறந்து பார்த்தால் தப்பு என்னுடையதுதான். கெபாசிட்டர்கள் நிரம்பும்போது பாயும் முரட்டு மின்சாரமும், உள்வாயிலின் நுண்ணிய சிக்னலும் ஒரே தரை ஒயர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் குழாயிலேயே குடிதண்ணீரையும் விட்டதுபோல. சாக்கடை பெருகும்போதெல்லாம் குடிதண்ணீரில் வாடை அடிக்கும். கெபாசிட்டர்கள் சேரும் இடத்திலிருந்து ஒரு குட்டிக் கம்பியை இழுத்து, அதன் முனையை மையமாக வைத்து, ப்ரீஆம்ப், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் தரை ஒயரையும் தனித்தனியாக அந்த முனைக்கே கொண்டுவந்தோம். ரீங்காரம் நின்றது. ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

குடத்துக்குள் இருக்கும் சுருதி

ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் தரையில் மல்லாத்தி வைத்து ஒயரைக் கொடுத்தால், ஏமாற்றம்தான் மிஞ்சும். 15 அங்குலக் கூம்பு கண்ணுக்குத் தெரிய ஆடும், பேஸ் வராது. தண்ணீர் நிறைந்த அண்டாவில் கரண்டியைக் குறுக்கே நிறுத்தி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தண்ணீர் முன்னால் போகாது. கரண்டியின் ஓரமாக வழுக்கிப் பின்பக்கம் வந்துவிடும். கூம்பின் முன்னால் அமுங்கும் காற்று, பின்னால் ஏற்படும் வெற்றிடத்துக்கு ஓரமாக ஓடி நிரப்பிவிடுகிறது. உச்ச ஸ்தாயியில் அப்படி ஓட நேரம் இல்லை. 41-ல் நேரம் தாராளம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கும் சுவர் வேண்டும். பெட்டியின் முதல் வேலை அது.

இரண்டாவது வேலைதான் எனக்கு ஆச்சரியம் குறையாமல் இருக்கிறது. குழாயடியில் குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது, நிரம்ப நிரம்பச் சத்தம் மெல்லிசாகி மேலே ஏறுவதை யார்தான் கேட்டதில்லை? உள்ளே பார்க்காமலே, நிரம்பப் போகிறது என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்கள். குடத்துக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில். கழுத்தில் இருக்கும் காற்று அந்த வில்லின் மேல் உட்கார்ந்த எடை. எடை வில்லின்மேல் துள்ளுகிறது, அதுதான் ‘கும்’. தண்ணீர் ஏறினால் உள்ளே காற்று குறையும், வில் விறைக்கும், சுருதி ஏறும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டில் இதற்குக் கணக்கு எழுதினார். தென் மாவட்டத்து வில்லுப்பாட்டில் மண்குடத்தின் வாயில் தட்டிக் கும்மென்ற ஒலியை எழுப்புவதும், கடம் வாசிப்பவர் குடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அடிநாதத்தை ஏற்றி இறக்குவதும் இதே காற்றை வைத்துத்தான்.

பேஸ் பெட்டியில் நாம் செய்வது, ஒரு குடத்தை ஸ்பீக்கருக்குப் பின்னால் கட்டுவது. பெட்டிக்குள் காற்று வில். முன்பலகையில் பொருத்திய குழாய்க்குள் காற்று எடை. கூம்பின் பின்பக்கம் வீணாகப் போகவேண்டிய ஒலி, இந்தக் குடத்தைத் துள்ளவைத்து, திசை மாறி, முன்பக்க ஒலியோடு கைகோத்து வெளியே வருகிறது. சுருதி சேர்ந்த இடத்தில் கூம்பு அநேகமாக அசையாமல் நிற்க, குழாய்தான் பாடும்.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய குடம்? முன்பெல்லாம் கைப்பழக்கம்தான். 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் இதைக் கணக்காக்கினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரித்து எழுதினார். இன்று நல்ல ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் கூடவே வரும் தாளில் தீல்-ஸ்மால் எண்கள் இருக்கும். அது அந்த ஸ்பீக்கரின் ஜாதகம். மூன்று கட்டத்தைப் பார்த்தால் போதும். உறியை ஆட்டிவிட்டால் அதற்கென்று ஒரு வேகத்தில் ஆடும். கூம்பின் அந்தச் சொந்த ஆட்டம் எஃப்எஸ். தட்டிவிட்டால் எத்தனை ஆட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வது க்யூடிஎஸ். கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்பது விஏஎஸ்.

எங்கள் ஸ்பீக்கரின் தாளில் எஃப்எஸ் 42 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 140 லிட்டர். க்யூடிஎஸ் 0.38-ஐ ஒட்டி இருந்தால் தீலின் கணக்கு மிக எளிது: விஏஎஸ்ஸை 1.41-ஆல் வகுத்தால் பெட்டி, எஃப்எஸ்தான் குழாயின் சுருதி. ஆக 100 லிட்டர், 42 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் வாசலிலேயே போய் நிற்கிறது. 100 லிட்டர் என்றால் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து. “இவ்ளோ பெருசா?” என்றாள் அக்கா. பெருசுதான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மன் என்ற பொறியாளர் பெயரில் வழங்கும் விதி. கையில் இருப்பது 50 வாட். விட்டுக்கொடுக்க முடிந்தது இடம் ஒன்றுதான்.

எங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும். கார்களில் போடும் சப்வூஃபர்கள் பல 90-க்குள்ளேயே நிற்கும். ஏழு டெசிபல் வித்தியாசம் என்றால் வாட் கணக்கில் ஐந்து மடங்கு. அதை வாங்கியிருந்தால் இதே சத்தத்துக்கு 250 வாட் ஆம்ப் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

பெட்டி 18 மி.மீ. பிளைவுட். உள்ளளவு 46 செ.மீ. அகலம், 62 உயரம், 39 ஆழம், 111 லிட்டர். ஸ்பீக்கரின் உடம்பும் குழாய்களும் குறுக்குச் சட்டங்களும் அடைத்துக்கொள்வதைக் கழித்தால் 100. குழாய்க்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய நாலு அங்குல பிவிசி பைப் இரண்டு. ஒன்று போதாதா என்றால், ஒரே குறுகிய குழாயில் அவ்வளவு காற்றும் ஓடும்போது புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும். கணக்கு ஒவ்வொன்றும் 21 செ.மீ. நீளம் என்றது. வேண்டுமென்றே 24-ஆக வெட்டினோம். உப்பைப் போல, குழாயின் நீளத்தையும் ஒரு பக்கம்தான் எளிதாகத் திருத்த முடியும்.

மூட்டுகளில் ஃபெவிகால், விரற்கடை இடைவெளியில் ஸ்க்ரூ. கேஸ்கட் தளர்ந்த குக்கரில் விசில் வராது. ஓரமெல்லாம் ஆவி போகும். பெட்டியும் அப்படியே. 40 ஹெர்ட்ஸ் ஒலியைச் செல்போனிலிருந்து கொடுத்துவிட்டு, எரியும் ஊதுவத்தியை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோனோம். பின்பலகையின் இடது மூலையில் புகை நடுங்கியது. அங்கே ஒரு விரல் சிலிகான். உள்சுவர்களில் தலையணைப் பஞ்சை ஒரு அங்குலக் கனத்துக்கு ஒட்டினோம், குழாய் வாயை மட்டும் மறைக்காமல்.

சுருதி சேர்ந்ததா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பெட்டியை மல்லாத்திவிட்டு, அக்காவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை கடுகு எடுத்துக் கூம்பில் போட்டேன். கடுகெல்லாம் நடுக் குமிழைச் சுற்றி வளையமாகச் சேர்ந்தது. மருமகன் செல்போன் ஆப்பில் 70 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்கினான். 60-ல் கடுகு துள்ளியது, தாளிக்கும் சட்டியில் துள்ளுவது போலவே. 48-ல் தணிய ஆரம்பித்தது. 40-ல் அப்படியே அடங்கி உட்கார்ந்துவிட்டது. ஆனால் குழாய் வாயில் கையை வைத்தால் காற்று விசிறி போல அடித்தது. சத்தம் குறையவில்லை, பாடுகிற ஆள் மாறிவிட்டார். இன்னும் இறக்கி 32-க்கு வந்ததும் கடுகு கூம்பைத் தாண்டித் தரையெல்லாம் சிதறியது. குடத்தின் சுருதிக்குக் கீழே போனால் காற்று வில் கைவிட்டுவிடும், கூம்பு பிடிப்பில்லாமல் எகிறும். ஐந்து கம்பி பேஸின் அடி பி கம்பி 31 ஹெர்ட்ஸ்; அதை இந்தப் பெட்டியில் ஓங்கி வாசிப்பது ஸ்பீக்கருக்கு ஆபத்து. அதனால் ப்ரீஆம்பில் 35-க்குக் கீழே வடிகட்டும் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தோம்.

குழாய்களைக் கழற்றி மூன்று செ.மீ. அறுத்து 21-ஆக்கி மறுபடி கடுகு போட்டோம். 42-ல் அடங்கியது.

அன்று சாயங்காலம் ஆம்பைப் பெட்டிமேல் வைத்து, கிட்டாரைச் செருகி, அவன் ஈ கம்பியை ஒருமுறை மீட்டினான். சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை. கம்பி ஓயும்வரை உள்ளங்கையைக் குழாய் வாய்க்கு எதிரே வைத்திருந்தான். பிறகு ஃப்ரெட் ஃப்ரெட்டாக மேலே ஏறினான். எஃப், எஃப் ஷார்ப், ஜி, எல்லாம் ஒரே கனத்தில் வந்தன. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ, 55 ஹெர்ட்ஸ். எங்கோ ‘ஜ்ர்ர்’ என்று ஒரு அதிர்வு. பலகை விட்டுவிட்டதோ என்று நான் பெட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூவெல்லாம் இறுக்கமாக இருந்தது. கிரில்லைக் கழற்றினேன், அதுவும் இல்லை. “திரும்ப ஏ” என்றேன். அவன் மீட்டிக்கொண்டே இருக்க, அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். சத்தம் நின்றது. உறை ஊற்றி வைத்திருந்த பாத்திரத்தின் மேல் தட்டு. அதற்கடியில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, “இப்ப வாசிடா” என்றாள் உள்ளேயிருந்து.